இறக்குமதி மரம் வாங்கும் முன்: நெல்லைச் சீமை மரவேலைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

செங்கோட்டை அறுவை ஆலைகளிலும் தூத்துக்குடிக் கிடங்குகளிலும் கப்பலில் வந்த மரம் குவிந்து கிடக்கிறது. வீட்டு நிலைக்கு மரம் எடுக்க வருகிறவர்கள், விடுமுறை நாளில் மேசை நாற்காலி செய்து பார்க்கிறவர்கள், கடைசல் பட்டறைக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உள்ளூர் மரம் இருக்கும்போது கப்பல் மரம் எதற்கு?

மலையில் நம் பக்கம் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கிருந்து மரம் வராது, வரவும் கூடாது. மிஞ்சியிருப்பவை பட்டா நிலத்து மரங்கள்தான்: தேக்கு, வேம்பு, பூவரசு, பலா, புளி, அயினி. இவற்றில் வைரம் பாய்ந்த முதிர்ந்த மரம் கிடைத்துவிட்டால் வேறெங்கும் போக வேண்டாம். ஆனால் கணு இல்லாமல், எட்டடி நீளத்துக்கு நேராக, ஓரடி அகலப் பலகை வேண்டுமென்றால் தோட்டத்து மரத்தில் அது அபூர்வம். ஆறு நாற்காலிகளும் ஒரே நிறத்தில், ஒரே ரேகையில் அமைய வேண்டுமென்றாலும் அதே கதைதான். கப்பல் மரத்தின் பலம் இந்த இரண்டிலும் இருக்கிறது.

எல்லா வேலைக்கும் அது தேவைப்படாது. கறி வெட்டும் கட்டை செய்ய மேப்பிள் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கறிக்கடைகளில் காலங்காலமாகப் புளியங்கட்டைதான். நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் அரிவாள் விழுந்து விழுந்தும் எளிதில் பிளக்காது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் மஞ்சள்கடம்பில் கடைந்து பேர் வாங்கியவை. முதலில் உள்ளூரில் தேடுங்கள். கிடைக்காததற்கு மட்டும் துறைமுகத்தைப் பாருங்கள்.

எந்த நாட்டு மரம் நல்லது?

இந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. கடைக்குப் போய் "மலேசியா மரம் என்ன விலை?" என்று கேட்டால், கடைக்காரர் எதை வேண்டுமானாலும் காட்டலாம். மலேசியாவிலிருந்து மெர்பாவ் வருகிறது. காய்ந்த நிலையில் ஒரு கனமீட்டர் 800 கிலோவுக்கு மேல் நிற்கும், கரையானும் எளிதில் தொடாது. மெரந்தியும் அங்கிருந்துதான் வருகிறது. அதில் 500 கிலோகூட இல்லாத லேசான வகைகளும் உண்டு. வாசல் நிலைக்கு ஒன்று பொருந்தும், மற்றது பொருந்தாது. நாட்டின் பெயர் இதில் எதையும் சொல்லிவிடாது.

கேட்க வேண்டியவை மூன்று. மரத்தின் வணிகப் பெயர் என்ன? தாவரவியல் பெயர் என்ன? இப்போது அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது? முதல் இரண்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

"ஆப்பிரிக்கத் தேக்கு" உண்மையில் தேக்குதானா?

இரண்டு வெவ்வேறு மரங்கள் இந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. கானா, தான்சானியா போன்ற நாடுகளில் தோட்டமாக வளர்த்த தேக்கு ஒன்று. அது நம் தேக்கேதான். தாவரவியல் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். மற்றது இரோக்கோ, அதாவது மிலிசியா எக்செல்சா. இது தேக்குக்கு உறவே இல்லாத, அத்தி, பலா குடும்பத்து மரம். இரோக்கோ நல்ல மரம், வெயில் மழையைத் தாங்கும். ஆனால் தேக்கு விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வெட்டுமுகத்தைத்தான் பார்க்க வேண்டும். பலகையின் நுனியில், ரம்பம் அறுத்த சொரசொரப்பை நன்றாகத் தீட்டிய உளியால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவுங்கள். சீவிய இடத்தை எச்சில் தொட்டு நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். வளையத்தின் பிற்பகுதியில் துளைகள் சிறுத்துப் போகும். இரோக்கோவில் அப்படி வரிசை கட்டாது. துளைகள் எங்கும் சீராகச் சிதறியிருக்கும்; ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நிறத்தில் சிறகு விரித்ததுபோல ஒரு திட்டு இருக்கும். இரண்டு துண்டுகளை அருகருகே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. சீவிய இடத்தை முகர்ந்தும் பாருங்கள். தேக்குக்குப் பதனிட்ட தோலை நினைவூட்டும் ஒரு வாசனையும் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு.

"பிரேசில் தேக்கு" என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பிரேசிலில் உண்மையான தேக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் உலகச் சந்தையில் குமாரு என்ற வேறொரு கனத்த மரமும் அதே பெயரில் விற்கிறது.

உண்மையான தேக்குதான் என்று தெரிந்துவிட்டது. அப்படியே வாங்கலாமா?

வயதைப் பாருங்கள். தோட்டத் தேக்கைப் பெரும்பாலும் இளமையிலேயே வெட்டிவிடுகிறார்கள். சுற்றளவு குறைந்த தடியில் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியின் பங்கு அதிகம். உள்ளே வைரம் கொஞ்சம்தான். தேக்கின் புகழெல்லாம் வைரத்துக்கு உரியது. வெள்ளையைக் கரையானும் தின்னும், உளுப்பு வண்டும் துளைக்கும். நம் செம்மண் பகுதிகளில் கரையான் எப்படி ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலிஷில் நிறம் ஏற்றி வெள்ளையை மறைத்துவிடுவதால், மெருகு போடாத மரமாகவே வாங்குங்கள். நிலைக்கால், சட்டம் ஆகியவற்றில் நான்கு முகத்தையும் திருப்பிப் பார்த்து, ஒரு மூலையில்கூட வெள்ளை இல்லாததை எடுங்கள். அலமாரியின் உட்பலகையில் சிறிது வெள்ளை இருந்தால் பரவாயில்லை; மருந்து அடித்துவிட்டால் போதும்.

பர்மா தேக்கு இப்போதும் வருகிறதா?

தடியாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. புதிதாக வந்த பர்மாத் தடி என்று யாராவது காட்டினால் ஆவணம் கேளுங்கள். பழைய பர்மாத் தேக்கு வேண்டுமென்றால், இடிபடும் பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் விசாரித்துப் பாருங்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் கோணாது. அறுப்பதற்கு முன்பு காந்தம் வைத்துத் தடவி, உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

நம் ஊரில் இறக்குமதி மரம் கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் பல இடங்களில் மரத்தின் மேல் குற்றமில்லை. ஈரக் கணக்கில்தான் குற்றம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெட்டிய மரம் சுமார் 28 முதல் 30 சதவீத ஈரம் வரை காயும்போது அளவு மாறாது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். பிறகு தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஓரிடத்தில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம். காற்றில் 80 என்றால் மரத்தில் 15, 16. காற்று மாறினால் மரமும் மாறும். செய்து முடித்த மேசைக்குள்ளும் இது நின்றுவிடாது.

திருநெல்வேலியில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் ஓக், பீச், ஆஷ், வால்நட் பலகைகள் சூடேற்றிய அறையில் உலர்த்தப்பட்டு 6 முதல் 10 சதவீத ஈரத்தோடு வருகின்றன. அதைப் பங்குனி, சித்திரை வெயிலில் வாங்கி, இடைவெளி விடாமல் இறுக்கி மேசை செய்தால் ஐப்பசியில் பலகை விரியும். பீச் மரத்தில் ரேகை அகலமாக ஓடும் பலகை ஒன்று, ஓரடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறினால் அது ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் விரியும். அதே அகலத் தேக்குப் பலகை நான்கு மில்லிமீட்டர்தான் விரியும். மூன்றடி அகல மேசைக்கு இதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். சட்டம் பிளப்பதும் கதவு நிலையில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மெர்பாவ், செந்நிறப் படாக் போன்ற மரங்கள் தடியாகவே பச்சை ஈரத்தோடு வரும், செங்கோட்டையில் அறுபடும். ஆனி, ஆடியில் அங்கே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அறுத்த சட்டம் காயாமல் அமைதியாகக் கிடக்கும். அதே நாளில் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் மலையைத் தாண்டி வரும் காற்று மழையை அப்பால் இறக்கிவிட்டு வறண்டு வீசும். மூன்று மணி நேர லாரிப் பயணத்தில் அந்தச் சட்டம் இரண்டு பருவத்தைக் கடந்துவிடுகிறது. மேல்பக்கம் மளமளவென்று காய, உள்ளே ஈரம் நிற்க, நுனியிலிருந்து வெடிப்பு ஓடும். ஆடிக் காற்றில் பச்சைச் சட்டத்தை வெட்டவெளியில் போட்டு வைப்பது காசைக் கொட்டுவதுதான்.

வாங்கிய மரத்தின் நுனிகளுக்கு அன்றே மெழுகோ பெயிண்டோ பூசுங்கள். ஓர் அங்குலச் சதுரக் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் இருக்கும்படி இடையில் வைத்து நிழலில் அடுக்குங்கள். காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். பலகையின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு காயவிடுவது மரவேலையில் நெடுநாள் வழக்கம்; கனத்த மரத்துக்கு அதற்கு மேலும் ஆகும். சூடேற்றிக் காய்ந்து வந்த பலகையையும் வேலை செய்யப் போகும் இடத்தில் சில வாரமாவது விட்டுவைத்த பிறகே இழைக்க வேண்டும்.

ஈரமானி இல்லாமல் ஈரத்தை அளக்க முடியுமா?

முடியும். பலகையின் நுனியிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து, தங்கம் நிறுக்கும் தராசில் நிறுங்கள். அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி நிறுங்கள். முதலில் 62 கிராம், கடைசியில் 50 கிராம் என்றால் போனது 12 கிராம். அதைக் காய்ந்த எடையான 50ஆல் வகுத்தால் 24 சதவீதம். அந்த மரம் இன்னும் தயாராகவில்லை. நம் ஊர் அறைகலனுக்கு 10 முதல் 12 வந்தால் தைரியமாக உளி வைக்கலாம்.

எந்த வேலைக்கு எந்த மரம்?

வாசல் நிலைக்கும் வெளிக்கதவுக்கும் தேக்கு இல்லையென்றால் மெர்பாவ். தேக்கைப் போலவே அதுவும் குறைவாகச் சுருங்கும் மரம். இரோக்கோவும் சரிதான், ஆனால் சில தடிகளில் கல்போல ஒரு சுண்ணாம்புப் படிவு இருக்கும்; இழைப்புளி அதில் பட்டால் வாய் போய்விடும். அறை உட்கதவுக்குச் சப்பேலி என்ற ஆப்பிரிக்க மரம் அழகு. கால்வாசியாக, அதாவது வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, அறுத்த பலகையில் நாடா நாடாக ஒளி ஓடும்.

ஊஞ்சல் பலகைக்கு நான் தேக்கைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். அகலப் பலகை குழியாமல் நிற்க வேண்டும். வெற்றுடம்போடு படுப்பவர்களுக்குச் சிலாம்பும் ஏறக் கூடாது. வெங்கே என்ற கறுப்பு ஆப்பிரிக்க மரத்தை அழகுக்காகச் சிலர் கேட்கிறார்கள். அதன் சிலாம்பு ஏறினால் சீழ் வைக்கும். ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் வேண்டாம்.

கடைசலுக்கும் பொம்மைக்கும் பீச். துளை நுண்ணியது, உளிக்கு வழவழவென்று வரும், மணமோ சாயமோ இல்லை. ஆனால் வீட்டுக்கு உள்ளே மட்டும்தான். மழையும் கரையானும் அதற்கு எமன்.

சாப்பாட்டு மேசைக்கு வெள்ளை ஓக் உறுதியானது. விரியவும் சுருங்கவும் இடம் விட்டுச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அலமாரி, பூஜை மாடத்துக்கு மகோகனி இனிய மரம். நம் பக்கத்துத் தோட்டங்களிலும் மகோகனி வளர்க்கிறார்கள் என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

மெர்பாவ் நிலை வைத்த பிறகு மழையில் வெள்ளைச் சுவரில் காவிக் கறை இறங்குகிறதே?

அதன் சாயம் நீரில் கரையும். நிலை வைப்பதற்கு முன்பு சில முறை நன்றாகக் கழுவிக் காயவைத்து, எல்லா முகத்திலும், குறிப்பாகச் சுவரோடு ஒட்டும் முகத்தில், வார்னிஷ் பூசியிருந்தால் கறை குறைந்திருக்கும். வெறும் இரும்பு ஆணியும் அடிக்கக் கூடாது. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு படரும். ஓக்குக்கும் இதே விதி. திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்வதால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிதான் போட வேண்டும்.

மரம் மெர்பாவ்தானா என்று பார்க்க ஓர் அடையாளம்: நீளவாட்டில் இழைத்த முகத்தில், துளைக் கோடுகளுக்குள் கந்தகம் தூவியதுபோல மஞ்சள் பொடி தெரியும்.

படாக்கின் சிவப்பு நிலைக்குமா?

நிலைக்காது. வெயில் பட்டால் பழுப்பாகும். சிவப்புக்காகவே வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

வேங்கை என்று சொல்லிச் சாயம் ஏற்றிய வேறு மரத்தைக் கொடுத்துவிட்டால்?

ஒரு மூலையை இழைத்தாலே சாயம் தோலோடு போய்விடும். இன்னொரு சோதனையும் உண்டு. இழைத்த சுருளைக் கொஞ்சம் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நீர் தேன் நிறமாகும். தம்ளரை வெயிலில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். வேங்கையாக இருந்தால் நீல ஒளி மினுங்கும். வேங்கைக் குவளையில் நீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் வீடுகளில் இது தெரிந்த விஷயம்.

கன அடிக் கணக்கில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

அறுத்த மரத்துக்கு: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஐந்துக்கு மூன்று அங்குல நிலை, மொத்த நீளம் 21 அடி என்றால் 315ஐ 144ஆல் வகுக்க 2.19 கன அடி.

தடிக்கு வழக்கம் வேறு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் இந்தக் கணக்கில் 10 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு 12.7. இந்த வித்தியாசம் அறுவைக் கழிவுக்காக வாங்குகிறவருக்கு விடப்படுவது. துறைமுக ரசீதில் கனமீட்டர் போட்டிருந்தால் ஒரு கனமீட்டருக்கு 35.3 கன அடி. எந்த முறையில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு கடை விலைகளை ஒப்பிடாதீர்கள். இழைப்பில் போகும் மரத்தையும் சேர்த்தே வாங்குங்கள். முழு ஓர் அங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலப் பலகை எடுக்க வேண்டும்.

தூத்துக்குடியில் மலிவாகக் கிடைக்கும் பேக்கிங் மரத்தில் கட்டில் செய்யலாமா?

முத்திரையைப் பாருங்கள். பன்னாட்டு விதிப்படி அந்த மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு நாட்டின் குறியீடும் பூச்சி நீக்கிய முறையும் சூடு போட்டிருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தது, பயன்படுத்தலாம். எம்.பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கட்டிலுக்கும் குழந்தைப் பொருளுக்கும் சமையலறைக்கும் வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இது பைன் மரம். கரையான் விரும்பித் தின்னும்.

சட்டச் சிக்கல் உண்டா?

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையில் ஈட்டி இனங்கள் எல்லாம் 2017 முதல் இருக்கின்றன. படாக், டூசி, காயா மகோகனி ஆகிய ஆப்பிரிக்க மரங்கள் 2023 பிப்ரவரி 23 முதல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. தடை இல்லை, ஆனால் அனுமதிச் சீட்டோடுதான் நாடு கடக்க வேண்டும். சீட்டு வாங்குவது இறக்குமதியாளரின் வேலை. உங்களுக்கு வேண்டியது மரத்தின் பெயர் போட்ட ரசீது. லாரியில் ஏற்றும்போது கூடவே இருக்கட்டும். கள்ளத்தனமாக வெட்டிய மரத்தை மலிவு என்று வாங்குவது எந்த நாட்டுக் காட்டுக்கும் துரோகம்.

தேக்கில் ஒட்டிய பசை விட்டுப்போகிறதே?

எண்ணெய்தான் காரணம். இணைக்கும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தவுடன் தாமதிக்காமல் பசை தடவி இறுக்குங்கள். கழுந்தும் (ஒரு கட்டையில் செதுக்கிய முனை) அது நுழையும் துளையும் சரியாகப் பொருந்தினால் பாரத்தைப் பசை மட்டும் தாங்க வேண்டியிருக்காது.

தூசிக்கு முகமூடி அவசியமா?

அவசியம். பீச், ஓக் போன்ற மரங்களின் தூசி மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இரோக்கோ, படாக் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சிரைப்பும் தரும். துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது; நுண்தூசியைத் தடுக்கும் என்95 வகை முகமூடி போடுங்கள். தேய்ப்பு எந்திரத்தை மூடிய அறையில் ஓட்டாமல் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். உதவிக்கு நிற்கும் பையனுக்கும் ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள்.